சாப்பிட்டாச்சான்னு கேட்காதீங்க

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாசலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள், மற்றபடி எதை வேண்டுமானாலும் பேசுங்கள். இதனால் எனக்குத் திமிர் என்று நாத்தனார் வீட்டில் பேச்சு. இருக்கட்டும்.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். வாரம் ஐந்து நாள் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய், மொத்தம் 35 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டார். கூடவே வாரம் ஒரு கீமோ. ஏழு வாரம். போன வருஷம் தைக் கடைசியில், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது அது முடிந்தது. ஊரே "அப்பாடா, முடிஞ்சுது" என்றது. நானும் பிள்ளையாருக்கு ஒரு சூறைத்தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

கரண்ட் நின்ற பிறகு வருகிற இரண்டு வாரம்தான் ரொம்பச் சிரமம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் காதில் ஏறவில்லை. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. வாயெல்லாம் புண். மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றினோம். 71 கிலோ இருந்தவர் 56-க்கு வந்தார். அந்த நாட்களில் பார்க்க வராத ஆள் இல்லை, ஹார்லிக்ஸ் பாட்டில் வைக்க அலமாரியில் இடம் இல்லை. மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துக் கட்டி கரைந்துவிட்டது என்றார்கள். அதோடு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம் இருக்கிற காலத்தைப் பற்றி.

நம் பக்கம் பாசமோ சண்டையோ சமாதானமோ, எல்லாம் சோற்றில்தான் வந்து நிற்கும். ஒரு வாய் சாப்பிடாமல் போனால் சொந்தம் கோபித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதனுக்கு எச்சில் ஊறாமல் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கரண்டில் எச்சில் சுரப்பிகள் அடிபட்டுவிடும். பலருக்கு அது முழுசாகத் திரும்புவதில்லை. "இட்லி மெத்துன்னு இருக்கும், அதைக் குடு" என்று சொல்லாத ஆள் இல்லை. வறண்ட வாய்க்கு இட்லியைப் போல் விரோதி கிடையாது. மாவாகி மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும், உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. வெறும் தண்ணீர் புரை ஏறும், கொஞ்சம் கெட்டியான கஞ்சி என்றால் புரை ஏறாது. வெண்டைக்காயை நன்றாகக் குழைய வேகவிட்டு, காரம் இல்லாமல், நொய்ச் சோற்றில் பிசைந்தால் வழுக்கிக்கொண்டு போகும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, ஐந்தாவது மாதம் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். அன்றைக்கு அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எடை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கித் தினமும் காலையில் அவரை ஏற்றினேன். அரைக் கிலோ குறைந்தால் அன்று முழுக்க என் முகம் சரியில்லை. சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன், "இன்னும் ரெண்டு வாய்ங்க, இன்னும் ரெண்டே வாய்." ஒருநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டக் கொல்லைக்குப் போனால், தட்டோடு வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கோழி பொறுக்கட்டும் என்று பாதியைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது மனிதர்! எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. "நீ பாக்கறப்போ தொண்டை இறுகிக்குது" என்றார். அவ்வளவுதான். மெஷின் பரணுக்குப் போனது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் பார்க்கிற எடை போதும் என்று வைத்துக்கொண்டோம். இப்போது அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுகிறேன். கீரை இல்லாத நாளில் பூ கட்டுகிறேன். கைக்கு ஒரு வேலை இருந்தால் கண் அவர் தட்டுக்குப் போகாது.

தாடை இறுகிப்போகாமல் இருக்க வாய் திறக்கும் பயிற்சி உண்டு. ஐஸ் குச்சி தெரியும் இல்லையா, அந்தத் தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துப் பிடிக்க வேண்டும். பதினோரு குச்சியில் ஆரம்பித்தார். ஒரு குச்சி கூடுவதற்கு மூன்று வாரம் ஆனது. இப்போது பதினெட்டு. இதில் அவசரப்படுத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொன்று. எட்டாவது மாதம் மனிதர் எந்நேரமும் படுத்தே கிடந்தார். தாளடி நடவுக்கு வயல் உழுகிறார்கள், வரப்புப் பக்கமே போகவில்லை. மனசு விட்டுப்போச்சு என்று நான் கோயில் குளம் என்று அலைந்தேன். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு. கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்கு இது பின்னால் வரக்கூடியதுதானாம், ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை பார்க்க வேண்டுமாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, இரண்டு மாதத்தில் ஆள் எழுந்துவிட்டார். வீட்டில் இப்படி யாராவது இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். பல் பிடுங்கப் போனாலும் தாடையில் கரண்ட் வைத்ததை முதலில் சொல்லிவிடுங்கள், எலும்பு ஆறாமல் போகலாம்.

"பழக்கம் உண்டோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு. இருபது வயசிலிருந்து வெற்றிலை சீவலோடு புகையிலை போட்டார். கேட்டவர்களில் பாதிப் பேர் வாயில் அப்போதும் அது இருந்தது. அவருக்குக் காலையில் எழுந்ததும் தாடைக்குக் கீழே கொஞ்சம் வீங்கியிருக்கும், அது நீர்தான், நீவிவிட்டால் மதியத்துக்குள் வடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு "மறுபடியும் வந்துடுச்சா?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் வந்து போக வேளை இருக்கிறது, வாயை அடக்கத்தான் வழி தெரியவில்லை.

கல்யாணங்களுக்கு அவர் போவதை நிறுத்தியிருந்தார். நம் ஊர்ப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சாம்பார் ஊற்றும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார். இவருக்கு ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர், தலையைக் குனிந்து விழுங்க வேண்டும், நடுவில் இருமல் வரும். முக்கால் மணி நேரம் ஆகும். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட்டால் இவருக்கு அதோடு சரி, கை நின்றுவிடும்.

போன மாதம் என் அண்ணன் மகளுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். என் கட்டாயத்தில் வந்தார். கடைசிப் பந்தியில் ஓரத்து நாற்காலி பிடித்து, ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தேன். பக்கத்தில் எங்கள் மாமா, எழுபது தாண்டியவர், மேட்டூர்த் தண்ணீர், கொள்முதல் நிலையம் என்று தன்பாட்டில் பேசிக்கொண்டிருந்தார். வரிசையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேஜைப் பேப்பரை இலையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே வந்த பையன் இவர்கள் இருவருக்கும் முன்னால் வந்து நின்றான். "இலை எடுக்கலாமா?"

மாமா சாப்பிட்டு முடித்து அரை மணி ஆகியிருந்தது. விரலெல்லாம் காய்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, "இன்னும் மோர் வரலியே தம்பி" என்றார்.

மோர் இரண்டு முறை வந்து போயிருந்தது.