விசுவாசம் பத்தாததால்தான் சுகமாகவில்லையா?

அப்பாவோ அம்மாவோ படுத்துவிட்டால், கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் நம் சபைக் குடும்பங்களில் முதல் வேலையாக வாட்ஸ்அப்பில் ஜெபக்குறிப்பு போய்விடும். நல்ல பழக்கம். ஆனால் ரெண்டாம் நாள் வார்டுக்கு வந்து, "அங்கிள், இன்னும் விசுவாசம் வைங்க, பத்தல" என்று படுத்திருப்பவரிடமே சொல்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

யாக்கோபு 5:14, 15-ஐ நிதானமாகப் படியுங்கள். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுதான்: மூப்பர்களை வரவழைப்பது. எண்ணெய் பூசுவதும் ஜெபிப்பதும் வந்தவர்கள் வேலை. விசுவாசமுள்ள ஜெபம் என்று அங்கே சொல்லியிருப்பதும் அவர்கள் பண்ணுகிற ஜெபத்தைத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் பெரியவரிடம் விசுவாசக் கணக்குக் கேட்க அந்த வசனத்தில் இடமே இல்லை.

மருந்து விஷயமும் அப்படித்தான். எசேக்கியாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூடுகிற அதே ஏசாயா 38-ஆம் அதிகாரத்தில், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொல்கிறார் தீர்க்கதரிசி. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடேயே விட்டுவிட்டு வருகிறார். பவுலுக்கு விசுவாசம் பத்தலையா?

உபவாச ஜெபத்தில்தான் ஆபத்து அதிகம். இனிப்பு நீர் உள்ளவர் காலையில் இன்சுலினோ கிளிக்ளசைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு, பசியாறாமல் மதியம் வரை ஜெபத்தில் உட்கார்ந்தால் சர்க்கரை 4-க்குக் (mmol/L) கீழே போய்விடலாம். வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் அதை அபிஷேகம் என்று நினைத்து அல்லேலூயா போடாதீர்கள். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்துத் திரும்ப விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-க்கு அடியுங்கள். உபவாசம் இருக்க வேண்டியது பிள்ளைகள். நோயாளியைச் சாப்பிட விடுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு நற்கருணை கொடுக்குமுன் வார்டு நர்ஸ் மிஸ்ஸியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். விழுங்குவதில் கோளாறு இருந்தால் அந்தச் சின்னக் கோப்பைத் திராட்சைச் சாறே நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தண்ணி மாதிரி இருப்பதுதான் கெட்டியானதைவிட மோசம். ஆக்ஸிஜன் ஓடுகிற அறையில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. ஜெப எண்ணெய் நெற்றியில் ஒரு துளி போதும். மூக்கு, உதட்டுப் பக்கம் வேண்டாம்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்னொரு சிக்கல். நோயில் பூசுதல் சாகப் போகிறவருக்கு மட்டும் என்கிற எண்ணத்தைச் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் 1972-இல் வந்த புதிய சடங்குமுறையே மாற்றிவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் மனசில் அது கடைசிப் பூசுதல்தான். ஃபாதர் திடீரென்று கட்டில் பக்கம் வந்து நின்றால், 'நம்ம கதை முடிஞ்சுது' என்று மிரண்டு போவார்கள். முதல் நாளே சொல்லி வையுங்கள்.

வார்டில் ஜெபம் ஐந்து நிமிஷம், ரெண்டு பேர், மெல்லிய குரல். பக்கத்துக் கட்டில் மலாய் மக்சிக்குக்கும் தூக்கம் வேண்டுமே. ஆரம்பிக்குமுன், "என்ன வேண்டிக்கணும்பா?" என்று கேட்டுப் பாருங்கள். "ராத்திரி தூக்கம் வரணும்", "மலம் போகணும்" என்பார். அதையே, அவர் சொன்ன வார்த்தையிலேயே ஜெபியுங்கள். அழுதால் அழ விடுங்கள். இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதமும் வேதத்தில்தான் இருக்கிறது.

சுகமாகாது என்று டாக்டர் சொன்ன பிறகு மார்ஃபின் கொடுப்பதை அவிசுவாசம் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. செராஸில் இருக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா என்கிற கடைசிக்காலப் பராமரிப்பு அமைப்பு, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது. வலி அடங்கினால்தான் அம்மாவால் ஜெபத்துக்கு ஆமென் சொல்லவே முடியும்.

கடைசியாக, அண்ணன் தம்பிகளுக்கு. காணிக்கையைக் காட்டிப் பெற்றோரைக் கைவிடுகிற 'கொர்பான்' வழக்கத்தை மாற்கு 7-இல் இயேசு எப்படிக் கண்டிக்கிறார் என்று பாருங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் மூன்று டயலிசிஸ், தடவைக்கு நாலு மணி நேரம். குழுவில் "ஜெபிக்கிறோம்" என்று போடும் கையோடு, "வியாழக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றும் போடுங்கள். சென்டரில் ஏர்கோன் குளிரும், போர்வை ஒன்று எடுத்துப் போங்கள்.