சீரகம் எவ்வளவு என்று ஒரு வரி சொல்ல இத்தனை பாடா?

ரசப்பொடிக்கு மிளகு எவ்வளவு, சீரகம் எவ்வளவு? ஒரே வரியில் அடங்கும் விஷயம். எழுத்தாக எண்ணினால் ஐம்பதுகூட எட்டாது.

இணையத்தில் தேடித் தட்டினால் பக்கம் திறக்கும். கண் முதல் வரியில் பதியுமுன்னே "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று ஒரு பெட்டி. வேண்டாம் என்றால் கீழிருந்து குக்கீ பட்டை எழும் (குக்கீ என்பது நம்மை அடையாளம் வைக்கத் தளம் நம் கருவியில் போடும் சிறு பதிவு). "அனைத்தையும் ஏற்கிறேன்" பச்சையில் பளிச்சென்று இருக்கும். மறுக்கும் வழி மங்கிய சாம்பலில், இரண்டு திரை தள்ளி ஒளிந்திருக்கும். அதையும் தாண்டினால் "எங்கள் ஆப்பை இறக்குங்கள்". அதை மூடும் பெருக்கல் குறி கடுகளவு. குறி தவறினால் நேரே பிளே ஸ்டோர். திரும்பி வந்தால் மூலையில் ஒரு வீடியோ தானாக ஓடிக்கொண்டிருக்கும். உருட்டி உருட்டி, மிளகு வரி கிடைத்து, விரலை வைக்கிற அந்த நொடியில் மேலே விளம்பரம் வந்து விழும். வரி கீழே ஓடிவிடும். விரல் பட்டது கடன் விளம்பரத்தில்!

இது தற்செயல் இல்லை. விளம்பரத்துக்கான உயரத்தை முன்பே ஒதுக்கி வைத்தால் எழுத்து குதிக்காது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி போதும். அதைக்கூடச் செய்ய மாட்டார்கள். பேக் பட்டனை அமுக்கினாலும் அதே பக்கம்தான் நிற்கும், ஏனென்றால் ஹிஸ்டரியில் போலிப் பதிவுகளைத் திணித்து வைத்திருக்கிறார்கள். வாசகனின் வாசலை அடைப்பதற்கும் ஒருவன் உட்கார்ந்து நிரல் எழுதியிருக்கிறான்!

குரோமில் தள அமைப்புகளுக்குள் போய், பக்கத்துக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டை அணையுங்கள். பாதித் தொல்லை அங்கேயே அடங்கும். ஆனால் சில தளங்கள் வெள்ளைத் தாளாகிவிடும். வெறும் பத்தியைக் காட்டவும் அவர்களுக்கு நிரல் ஓட வேண்டும். அப்படிப்பட்ட தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், அல்லது போகாதீர்கள். ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்த்தால் இன்னும் நிம்மதி. தினமும் படிக்கும் தளங்களை ஆர்எஸ்எஸ் ரீடரில், அதாவது தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் செயலியில், போட்டுவிடுங்கள். சில தளங்கள் தலைப்பை மட்டும் கொடுத்து இழுக்கும், முழுப் பத்தியையும் கொடுப்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிக்கல் இல்லாமலும் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். 1991-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த கோஃபர் என்ற இணைய நெறிமுறை வெறும் பட்டியலும் எழுத்துமாகவே வேலை செய்தது. 2019-இல் தொடங்கிய ஜெமினி நெறிமுறையும் (கூகுளின் ஏஐ அல்ல) அதே வழிதான். முகவரியை அனுப்பினால் ஒரு கோப்பு திரும்பி வரும், அத்தோடு சரி. குக்கீ இல்லை, ஸ்கிரிப்ட் இல்லை. இணைப்பு என்றால் வரித் தொடக்கத்தில் ஒரு சமக்குறியும் அம்புத் தலையும், தலைப்பு என்றால் ஒரு ஹேஷ். எழுத்தின் அளவும் நிறமும் படிப்பவர் கையில். அதைப் படிக்க லாக்ரேஞ்ச் என்ற உலாவியை நிறுவினால் போதும். ரசப்பொடிக் குறிப்பு அங்கே கிடைக்காது என்பதுதான் வயிற்றெரிச்சல். எழுதுகிறவர்கள் எல்லாம் இந்தக் குப்பைமேட்டில்தானே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் தமிழ் பிடிஎஃப் ஒன்று சிக்கும். விளம்பரம் இல்லை, பெட்டி இல்லை, அப்பாடா என்று ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியுமாகக் கொட்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்திய பழைய எழுத்துருவான பாமினியில் தட்டியிருப்பார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் தரும் யூனிகோடு வந்து எத்தனை வருஷம் ஆச்சு ஐயா! தேடினாலும் ஒரு சொல் கிடைக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?