அனுமதி கிடைத்ததும் கைவிடப்படும் வாக்குறுதி

இங்கிலாந்தில் உள்ள எங்கள் கிராமத்துத் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த மேய்ச்சல் நிலத்தில் 48 வீடுகள் கட்ட அனுமதி கேட்ட நிறுவனம், அவற்றுள் 19 வீடுகளைக் கட்டுப்படியாகும் விலைக்கோ வாடகைக்கோ தருவதாக எழுதிக் கொடுத்துத்தான் அந்த அனுமதியைப் பெற்றது. அடித்தளம் போட்டுச் சுவர்கள் எழும்பிய பிறகு, அதே நிறுவனம், அனுமதி வழங்கும் உள்ளாட்சி அமைப்பான மாவட்டக் கவுன்சிலிடம் திரும்பிச் சென்று, செலவு ஏறிவிட்டதால் 6 வீடுகளுக்கு மேல் தர இயலாது என்று மனுப் போட்டது. கவுன்சிலும் ஒப்புக்கொண்டது. 13 குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டிய வீடுகள் ஒரு திருத்தப் பத்திரத்தோடு போய்விட்டன. இதைக் கேட்ட நாள்முதல் எனக்கு மனம் ஆறவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் புது வீடே வரக் கூடாது என்று மறித்து நிற்பவர்களுள் நான் ஒருவன் அல்லன். எங்களுக்கு வீடுகள் வேண்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்குச் சென்ற ஒரு பெண், இன்று நகரத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விடியுமுன் கார் ஓட்டி வந்து, எங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர்களைக் குளிப்பாட்டி, காலை உணவு கொடுத்து, மாத்திரை எடுத்து வைத்துவிட்டுப் போகிறார். தாம் வளர்ந்த ஊரில் குடியிருக்க அவருடைய சம்பளம் போதாது. அந்த 19 வீடுகள் அவரைப் போன்றவர்களுக்காகவே என்று நம்பித்தான், நிலம் போகிறதே என்று வருந்தியவர்கள்கூட கிராம அளவிலான பாரிஷ் கவுன்சில் கூட்டத்தில் எதிர்ப்பைக் கைவிட்டார்கள்.

இது ஒரு கிராமத்தின் கதை மட்டுமன்று. இங்கிலாந்தின் சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. 1990ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, அனுமதிக்கு ஈடாகக் கட்டுப்படியாகும் வீடுகள், பள்ளிக்கான நிதி, விளையாட்டுத் திடல் முதலியவற்றைத் தருவதாக, வீடு கட்டி விற்கும் டெவலப்பர் சட்டப்படி பொறுப்பேற்கிறார். கேட்பதற்கு உறுதியான ஏற்பாடாகத்தான் தோன்றும். ஆனால், டெவலப்பர், கவுன்சில் ஆகிய இருதரப்பும் ஒப்பினால் அதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அந்த இரண்டு தரப்பில் கிராமத்து மக்கள் இல்லை.

திருத்தம் கேட்பவர் கையில் கொண்டுவரும் ஆயுதம் 'வயபிலிட்டி' அறிக்கை, அதாவது திட்டம் இலாபகரமாக நடக்குமா என்ற கணக்கு. மொத்த விற்பனை மதிப்பில் 15 முதல் 20 விழுக்காடு வரை டெவலப்பருக்கு உரிய வருவாயாகக் கொள்ளலாம் என்று அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. கணக்கில் அந்த வருவாய் குறைவதாகக் காட்டிவிட்டால், முதலில் வெட்டப்படுவது கட்டுப்படியாகும் வீடுகள்தாம். செங்கல் விலை ஏறும், வட்டி ஏறும், கூலி ஏறும் என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். அந்த ஆபத்தைத் தாங்குவதற்காகத்தானே அவ்வளவு வருவாய் அனுமதிக்கப்படுகிறது? சந்தை ஏறினால் ஆதாயம் அவர்களுக்கு, சரிந்தால் இழப்பு அந்தப் பராமரிப்புப் பணியாளருக்கு என்றால், இதை வணிகம் என்று எப்படி ஏற்பது? நிலத்துக்கு அதிக விலை கொடுத்துவிட்டோம் என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆயினும் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அட்டவணைகளாக வரும் அறிக்கையைக் கேள்வி கேட்கும் வலு, ஆள்பலமும் நிதியும் தேய்ந்து நிற்கும் ஒரு மாவட்டக் கவுன்சிலுக்கு எங்கே இருக்கிறது?

இத்தனைக்கும் அந்த நிலத்துக்குப் புது மதிப்பைக் கொடுத்ததே பொதுமக்களின் பெயரால் வழங்கப்பட்ட அனுமதிதான். தன் நிலமேயானாலும் அனுமதியின்றிக் கட்டக் கூடாது என்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநாட்டியது. நேற்றுவரை ஆடு மேய்ந்த நிலம், கவுன்சில் இடும் ஒரு கையெழுத்தால் பல மடங்கு விலை போகிறது. அந்த உயர்வில் ஒரு பங்கைத்தான் ஊர் கேட்டது. அதையும் பிச்சை கேட்பதுபோல நடத்துகிறார்கள்.

கோபத்தைத் தூண்டும் இன்னொன்று, முறையிடும் உரிமை ஒருபக்கமாக இருப்பது. கவுன்சில் அனுமதி மறுத்தால், டெவலப்பர் அரசின் திட்டமிடல் ஆய்வாளர் அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். கவுன்சில் நியாயமின்றி நடந்துகொண்டது என்று தீர்ப்பானால் அவருடைய செலவையும் வசூலிக்கலாம். அந்த அச்சத்திலேயே பல கவுன்சில்கள் பணிந்துபோகின்றன. கவுன்சில் அனுமதித்தாலோ, ஊர்க்காரருக்கு மேல்முறையீடே இல்லை. ஆறு வாரங்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோரலாம். அங்கும் நடைமுறை சட்டப்படி இருந்ததா என்றுதான் பார்ப்பார்களே தவிர, முடிவு சரியா என்று பார்க்க மாட்டார்கள். பக்கத்து நாடான அயர்லாந்தில், விண்ணப்பத்தின்மீது உரிய காலத்தில் கருத்துத் தெரிவித்த சாதாரணக் குடிமகனும் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அங்கே இயல்வது இங்கே ஏன் இயலாது?

எங்களுக்குக் கிடைத்தது என்ன? விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டித் தொங்கவிட்ட ஓர் அறிவிப்பு, மழைநீர் உள்ளே இறங்கி மை கலைந்து, மனு எண் மட்டும் பாதி தெரிந்தபடி இருந்தது. பிறகு கவுன்சிலின் திட்டமிடல் குழுக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம். நிமிடம் முடிந்ததும் தலைவர் கையை உயர்த்தினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் பாதி வாக்கியத்தில் அமர்ந்தார். அவர் கேட்க வந்தது ஒரே கேள்வி: செலவு ஏறிய கணக்கைக் காட்டுகிறீர்களே, அதே காலத்தில் வீட்டு விலை ஏறிய கணக்கு எங்கே? யாரும் பதில் சொல்லவில்லை.

வீடுகளைக் குறைத்தால்தான் திட்டம் பிழைக்கும், இல்லையேல் ஒரு வீடும் வராது என்று மிரட்டுவது வழக்கம். ஆனால் வீடுகள் மெதுவாக வருவதற்குக் காரணம் ஊர்க்காரர்கள் அல்லர். 2018இல் கன்சர்வேட்டிவ் கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சர் ஆலிவர் லெட்வின் அரசுக்கு அளித்த அறிக்கை, பெரிய மனைகளில் உள்ளூர் விலை குலையாத வேகத்தில்தான் வீடுகள் சந்தைக்கு விடப்படுகின்றன என்று எடுத்துக்காட்டியது. அப்படி மெதுவாகக் கட்டுவதால் மாவட்டத்தின் ஐந்தாண்டு வீட்டு நிலக் கணக்கு, அதாவது அடுத்த ஐந்தாண்டுத் தேவைக்குப் போதிய வீட்டு மனைகள் இருப்பதாகக் கவுன்சில் காட்ட வேண்டிய கணக்கு, குறைந்துபோனால், தண்டனை டெவலப்பருக்கில்லை. அனுமதிக்குச் சாதகமாகத் தராசு சாய்ந்துவிடுவதால், கவுன்சிலின் திட்டத்திலேயே இல்லாத அடுத்த வயலுக்கும் அவர் மனுப் போடலாம்.

எங்கள் ஊரில் விளையாட்டுத் திடலுக்கென்று வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய மூலையில் இன்று தோண்டிய மண் மேடாகக் கிடக்கிறது. சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே இடுப்பளவு முட்செடி. புது வீடுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் சாலையில் பந்து விளையாடுகிறார்கள். அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே, எங்கள் கோபம் அவர்கள்மீது இல்லை.

106ஆம் பிரிவின் ஒப்பந்தத்தைத் தளர்த்தும் ஒவ்வொரு மனுவும் புது விண்ணப்பத்துக்கு நிகரான அறிவிப்போடும் விசாரணையோடும் வர வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை ஊர்க்காரருக்கும் வேண்டும். எழுதிக் கொடுத்த வீடுகளைக் கட்டாமல் நிற்கும் நிறுவனத்துக்கு, அவற்றைக் கட்டி முடிக்கும்வரை அதே மாவட்டத்தில் வேறு மனைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. அடுத்த கவுன்சில் தேர்தலில் வாக்குக் கேட்டு எங்கள் வாசலுக்கு வருபவர் எக்கட்சியினரானாலும், அந்த 13 வீடுகளைப் பற்றி முதலில் பதில் சொல்லட்டும்.