கேட் போட்ட ரோடும் பேக்கரி நேரமும் ஒரே வரிசையிலா?

வரைபடச் செயலிக்கு நாம் அனுப்பும் திருத்தத்தைச் சரிபார்க்கத்தான் வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "அப்போ கண்டவனும் கண்டதையும் மாத்திட்டுப் போகலாமா" என்று கமெண்டில் வந்து நிற்பீர்கள். என் சண்டை வேறு. பேக்கரி எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற திருத்தமும், இந்த ரோட்டில் மேலே போக முடியாது என்ற திருத்தமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதிலும் பேக்கரிதான் முந்திக்கொண்டு போகிறது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் எங்கள் மாமா மேஸ்திரி. ஜீப்பும் டிராக்டரும் போய் வர உள்ளே ஒரு மண் ரோடு உண்டு. முழுக்கத் தனியார் இடம், நடுவில் இரும்பு கேட். செயலி ஒன்று (பெயர் வேண்டாம், விடுங்கள்) அதைப் பொது வழியாக, அதுவும் குறுக்கு வழியாகக் காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கார்கள் வரிசையாக வந்து கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் காபிச் செடி. வண்டியைத் திருப்ப இடமே கிடையாது.

"ரோடு இல்லைங்க சார், ரிவர்ஸ்லயே போயிருங்க" என்பார் வாட்ச்மேன். "மேப்ல காட்டுதே" என்று அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டுவார்கள். அப்புறம் மாமா வண்டிக்குப் பின்னால் போய் நின்று, டிக்கியைத் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடிங்க, போதும் போதும்" என்று ரோட்டு முனை வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். கிளட்ச் தீயும் வாடை அங்கேயே நிற்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த குழந்தைகள் பின் சீட்டில் துவண்டு கிடக்கும். மழை நாளாக இருந்தால் டயர் சேற்றில் சுற்றும், பறிப்பு வேலையில் இருக்கிற ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி யார் தருவது?

கேட்டையும் "அனுமதி இல்லை" போர்டையும் போட்டோ எடுத்து, தனியார் பாதை என்று திருத்தம் அனுப்பினேன். "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. பல மாதம் அதே வரிதான். பிறகு "சரிபார்க்க இயலவில்லை" என்று ஒரு மெயில். காரணம் இல்லை, பதில் எழுத வழியும் இல்லை. மறுபடி அனுப்பினேன், மறுபடி பரிசீலனை. இதற்கு நடுவில் அஸ்தம்பட்டியில் ஒரு பேக்கரியின் நேரத்தை மாற்றி அனுப்பினேன். வாங்கிய டீ ஆறுவதற்குள் ஒப்புதல் வந்துவிட்டது!

ஏன் இப்படி? என் ஊகத்தைச் சொல்கிறேன். பேக்கரிக்கு ஆயிரம் பேர் கையில் போனோடு வந்து போகிறார்கள், அந்த நடமாட்டத்தை வைத்து எதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். மலையில் அந்த வசதி இல்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபி கொண்டுவந்த காலம் தொட்டு நிழலில் வளரும் பயிர் இது. சில்வர் ஓக் உயரமாக நிற்கும், அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அடியில் காபி. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் பச்சைதான் தெரியும். கேட்டாவது, போர்டாவது! இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. தப்பாக வழிகாட்டப்பட்டு வந்த கார்களின் நடமாட்டத்தையே வைத்து, "இவ்வளவு வண்டி போகிறதே, அப்போ இது ரோடுதான்" என்று கணினி முடிவு கட்டிவிடுகிறதோ என்னவோ.

சரி, அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. கூகுள் 2008-ல் மேப் மேக்கரைத் தொடங்கி, பொதுமக்களே சாலை வரையலாம் என்று விட்டது. 2015-ல் யாரோ ஒரு குறும்புக்காரர் ராவல்பிண்டி அருகே, ஆண்ட்ராய்டு பொம்மை ஆப்பிள் சின்னத்தின் மேல் சிறுநீர் கழிப்பதுபோல வரைந்துவிட, அது அப்படியே வரைபடத்தில் ஏறி உலகமே சிரித்தது. திருத்தும் வசதியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள், 2017-ல் மேப் மேக்கரையே மூடிவிட்டார்கள். நம் நாட்டிலேயே வரைபடத்தில் வங்கிக் கிளையின் போன் நம்பரைத் தன் நம்பராக மாற்றி, கூப்பிட்டவர்களிடம் கார்டு விவரத்தைக் கறந்த மோசடிகள் நடந்தன. அதனால் போன் நம்பரை ஆற அமரப் பாருங்கள், ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "இங்கே போகாதீர்கள்" என்பது வேறு ஜாதித் திருத்தம். அது பொய்யாகவே இருந்தாலும் என்ன ஆகிவிடும்? ஒரு கார் கொஞ்சம் சுற்றிப் போகும். உண்மையாக இருந்து வெளிவராமல் கிடந்தால்? ராத்திரியில், பனியில், பழக்கமில்லாத ஓட்டுநர் சரிவின் ஓரத்தில் ரிவர்ஸ் எடுப்பார். இந்த இரண்டு நஷ்டமும் சமம் என்று எந்த ஊரில் கணக்குப் போட்டார்கள்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். அந்த மாதிரி நாளில் எந்த ரோடு இருக்கிறது, எது இல்லை என்பது முதலில் தெரிவது பஸ் டிரைவருக்கும், பால் வண்டிக்காரருக்கும், எஸ்டேட் ஆட்களுக்கும்தான். அவர்கள் சொல்வதற்கு வரைபடத்தில் உடனடி இடம் வேண்டும். "உள்ளூர்க்காரர் சொல்கிறார், இன்னும் உறுதியாகவில்லை" என்று மஞ்சளில் ஒரு குறி போதும். சரிபார்ப்பதை அப்புறம் நிதானமாகச் செய்யட்டும், பொய் என்றால் நீக்கட்டும், அனுப்பியவரின் கணக்கை முடக்கட்டும்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2004-ல் தொடங்கிய, பொதுமக்களே சேர்ந்து வரையும் வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தம் சேமித்த உடனே ஏறிவிடுகிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, தப்பென்றால் இன்னொருவர் பழையபடி ஆக்கிவிடுவார். தனியார் பாதை, கேட் இரண்டையும் குறிக்கத் தனித்தனிக் குறியீடே உண்டு. மாமாவின் கேட்டை அங்கே போட்டுவிட்டேன், அன்றைக்கே தெரிந்தது. என்ன, பெங்களூரிலிருந்து வருகிற கார்க்காரர் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

சேலத்தில் வரைபடத் திருத்தம் செய்து பழகியவர்கள், குறிப்பாக நிறைய ஒப்புதல் வாங்கிய பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். இடத்தையும் போட்டோவையும் அனுப்புகிறேன், உங்கள் கணக்கிலிருந்தும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். நேரில் பார்க்க வேண்டும் என்றால் மாமாவிடம் சொல்லி வைக்கிறேன். பைக்கில் வாருங்கள், கார் வேண்டாம்.