போனது நான், எழுதியது யார்?

என் பயணக் கட்டுரை வந்திருக்கும் சிறப்பு மலரைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி அப்பா கேட்ட கேள்விக்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

பர்மாவின் தெற்கே இருக்கும் மோல்மீனுக்குப் போனதைப் பற்றி என் பெயரில் வந்திருக்கும் பயணக் கட்டுரை நான் எழுதியது இல்லை. நான் கொடுத்தது ஏழு பக்கம், வந்திருப்பது இரண்டரைப் பக்கம். சுருக்கியதற்காகச் சண்டைக்கு வரவில்லை. இடம் இல்லையென்றால் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் வரியே "பொற்கோபுரங்களின் பூமியாம் மியான்மார்" என்று தொடங்குகிறது. நான் வாழ்நாளில் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. அடுத்த வரியில் ரங்கூன் ஷ்வேடகன் பகோடாவின் உயரம் 326 அடி என்று வருகிறது. உயரம் சரிதான், ஆனால் அன்றைக்கு நான் ஷ்வேடகன் பக்கமே போகவில்லையே. விடிவதற்கு முன்னால் ரங்கூன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பகோ, சிட்டாங் ஆறு, தத்தோன் என்று குலுங்கிக் குலுங்கித் தெற்கே போனேன். நம்ம பர்மா ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், ஆட்டம் பக்கவாட்டில் மட்டும் இருக்காது, ஆளையே சீட்டிலிருந்து மேலே தூக்கிப் போடும். அதை எழுதியிருந்தேன். அது போய்விட்டது. "இனிய ரயில் பயணம்" என்று இருக்கிறது.

போனது நான். குலுங்கியது என் முதுகு. அது இனிய பயணமா இல்லையா என்று நான்தானே சொல்ல வேண்டும்?

அடுத்தது தனாக்கா, பர்மாவில் கன்னத்தில் பூசும் மரக்கட்டை விழுது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பகோவில் ஒரு பெண், குழந்தையோடு ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, பழைய பல் பிரஷ்ஷைத் தோய்த்து, குழந்தையின் கன்னத்தில் தனாக்காவைக் கோடு கோடாக இழுத்தார். ரயில் தூக்கிப் போட்ட ஒவ்வொரு தடவையும் கோடு காதுப் பக்கம் ஓடிவிடும். அவர் விரலால் துடைத்துவிட்டு மறுபடி இழுப்பார். தத்தோன் வரைக்கும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். மலரில் அது "கன்னத்தில் சந்தனம் பூசிய பர்மியப் பெண்கள்" என்று ஒரே வரியாகிவிட்டது. தனாக்கா சந்தனம் இல்லை. அது வேறு மரம், வேறு வாசனை. என் அப்பத்தா வீட்டில் இரண்டு கல் இருந்தது. ஒன்று சாமிக்குச் சந்தனம் உரைக்க, இன்னொன்று எங்கள் கன்னத்துக்குத் தனாக்கா உரைக்க. வட்டக் கல்லில் தண்ணீர் தெளித்து அந்தக் கட்டையை உரைக்கும் சத்தத்தில்தான் நான் தினமும் எழுந்திருப்பேன். ஒருநாளும் அப்பத்தா கல்லை மாற்றியதில்லை. அவர் எண்பது வயதிலும் மாற்றாத கல்லை, ஒரு மலரில் ஒரே வரியில் மாற்றிவிட்டார்கள்.

ஆசிரியர் குழுவில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு, இன்றைக்கும் உண்டு. "தம்பி, கொஞ்சம் மெருகேத்தினோம், தமிழ்நாட்டில் இருந்தும் வாசிப்பாங்க, அவங்களுக்குப் புரியணும்ல" என்றார். சரி. டீக்கடையை லப்பேயே கடை என்று நான் எழுதியதையும் எடுத்துவிட்டார்கள். அது அவர்களுக்குப் புரியாதா? அதே வரியில் டீ குடித்தேன் என்று எழுதியிருக்கிறேனே. அத்தோ, மொய்ங்கா என்கிற நம்ம பர்மா நூடுல்ஸ் சென்னை பர்மா பஜார் பக்கம் தெருவிலேயே விற்கிறது. இங்கிருந்து கப்பலேறிப் போன நம் ஆட்கள் கொண்டுபோனது அது. அந்தச் சொற்கள் அங்கே தட்டில் போகலாம், கட்டுரையில் போகக்கூடாதா?

"தகவல் இல்லாமல் என்ன பயணக் கட்டுரை?" என்று, நான் குறைப்பட்டதைக் கேட்டு ஒருவர் எழுதியிருக்கிறார். தகவல் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? 2005-இல் தன்ல்வின் ஆற்றுப் பாலம் திறக்கும் முன்னால் ரயில் இக்கரையில் இருக்கும் மொட்டமாவோடு நின்றுவிடும், அங்கிருந்து படகில்தான் மோல்மீன் போக வேண்டும் என்று எழுதியிருந்தேன். அப்பா அந்தப் படகில் போனவர். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பலகையில் இறங்கிய கதையை அவர் சொல்லக் கேட்டு, பாலத்தின் மேல் போகும்போது நான் கீழே தண்ணீரைப் பார்த்தேன். நான் நிற்கும் இடத்தில் எனக்கு வேண்டியிருந்த தகவல் அது. 326 அடி அப்படி இல்லை. அது எந்தக் கட்டுரையின் தலையிலும் ஒட்டும்.

இன்னொருவர் பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியாரைக் காட்டுகிறார். அவர் உலகம் முழுக்கச் சுற்றியும் தன்னைப் பற்றி அதிகம் பேசாமல் எழுதினார், நீ மட்டும் ஏன் நான், எங்கப்பா, எங்கப்பத்தா என்கிறாய் என்று. இந்தக் கேள்வி நியாயமானது, இதற்கு நானும் யோசித்தேன். செட்டியார் நம்ம ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர், காந்தி ஆவணப் படத்துக்காக நாடு நாடாக அலைந்தவர். அவர் 'நான்' என்று அடிக்கடி சொல்லாமல் இருக்கலாம். ஆனால் நாலு வரி படித்தால் அவர் என்று தெரியும். எதைப் பார்த்து நின்றார், எதை விட்டுவிட்டு நடந்தார் என்பதில் அவர் இருக்கிறார். நான் கேட்பதும் அதைத்தான். என் கண் எங்கே நின்றதோ அங்கே கட்டுரையும் நிற்கட்டும்.

நானும் முன்னால் இப்படித்தான் எழுதினேன். முதல் தடவை பழைய கோயில்கள் நிறைந்த பகான் போய்விட்டு வந்து, சென்னை வாரப் பத்திரிகையில் வருவதைப் போல "காணக் கண்கோடி வேண்டும்" என்று ஆரம்பித்து நாலு பக்கம் எழுதினேன். அப்பா வாசித்துவிட்டு, "இதில நீ எங்கடா இருக்க? போகாமலே எழுதலாம்போல இருக்கே" என்றார். உண்மையில் பகானில் எனக்கு நினைவு இருந்தது, ஒரு இருட்டுக் கோயிலுக்குள் வெறுங்காலில் மிதித்த வௌவால் எச்சமும் அந்தக் குளிர்ந்த கல்லும்தான். கட்டுரையில் அது இல்லை. அன்றிலிருந்து சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். கேட்டதை அப்படியே எழுதுவேன். ஊருக்கு வந்து எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் முகம் சுளிக்கும் இடத்தில் நான் யாரையோ காப்பியடித்திருக்கிறேன் என்று அர்த்தம். இந்த நடைக்கு எனக்குப் பத்து வருடம் ஆனது.

"உன் தமிழில் பிழை இருக்கு, திருத்தினால் என்ன?" என்றும் கேட்கிறார்கள். பிழை இருக்கும். 1960-களில் பள்ளிகளை பர்மா அரசு எடுத்துக்கொண்ட பிறகு நம்மில் பலர் கோயில் திண்ணையில்தான் தமிழ் படித்தோம். சந்திப்பிழையைத் திருத்துங்கள், கும்பிடுகிறேன். நான் பட்டதைத் திருத்தாதீர்கள்.

ஏனென்றால் நான் மோல்மீனோடு நிற்கவில்லை, தன்பியூசயாத் வரை போனேன். அப்பத்தாவின் அண்ணன் மலாயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் அவரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அவர் எந்த இடத்தில் விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. பாதையின் பர்மாப் பக்கத்து முனை அந்த ஊர் என்பதால் போனேன். அங்கே போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 3,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள், ஒழுங்காக வெட்டிய புல். பெரும்பாலானவற்றில் பெயர்ப் பலகை. ஆயிரக்கணக்கில் செத்த நம் கூலிகளுக்கு அந்தத் தோட்டத்தில் இடம் இல்லை. நான் வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், உள்ளே யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. அதைத்தான் எழுதினேன். கடைசி வரியில் அவர் பெயரை எழுதினேன், ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும் என்று.

மலரில் வந்திருப்பது: "அழகிய புல்வெளியுடன் கூடிய கல்லறைத் தோட்டம் மனதுக்கு அமைதி அளித்தது."

எனக்கு அமைதி கிடைக்கவில்லை. கிடைத்ததாக என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

நேற்று ராத்திரி அப்பா பூதக்கண்ணாடியை வைத்து இரண்டரைப் பக்கத்தையும் வாசித்தார். அப்புறம் முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தார். "எங்க மாமா பேரு எந்தப் பக்கத்தில இருக்குப்பா?" என்று கேட்டார்.

ஏழு பக்கத்தையும் நாளைக்கு இங்கே போடுகிறேன், தனாக்கா, லப்பேயே கடை, குலுங்கிய முதுகு எல்லாவற்றோடும். அவர் பெயரை இந்தப் பதிவில் நான் எழுதவில்லை. அது கடைசி வரியில், நான் வைத்த இடத்தில் வரும்.