மாமாவுக்கு எதற்குக் கோட்டு?

செத்துப்போன மாமாவின் 31ஆம் நாள் நினைவு மலர் அச்சடித்து வந்துவிட்டது, பார்த்ததும் வயிறு பற்றி எரிந்தது. மாமாவுக்குக் கோட்டும் டையும் மாட்டி, பின்னால் நீல வானம் போட்டு, முன்பல் ஓட்டையையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். யார் கேட்டது? கலியாண வீட்டுக்கே வேட்டி சால்வையோடு போன மனுசன், மற்ற நாளெல்லாம் மடித்துக் கட்டின சாரமும் தோளில் ஒரு துவாயும்தான்.

அந்தப் பல் ஓட்டையால் விசிலடித்துத்தான் எங்களைக் கூப்பிடுவார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகும்போது வழி முழுக்கப் பாட்டு. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, வீட்டுக்குள் வெள்ளம் ஏறி, நாங்கள் பாடசாலையில் படுத்திருந்த இரவிலும், சின்னப் பிள்ளைகள் அழாமல் இருக்க வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு இருந்தவர்.

சாரத்தோடு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிற படம் என் போனில் இருக்கிறது. அதைத்தான் முதலில் கொடுத்தேன். மரியாதையாக இல்லையாம்!

மாமி மலரைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது ஆர், பிள்ளை?" என்று கேட்டா.

நாளைக்கே போய்த் திருப்பி அடிக்கச் சொல்லப் போகிறேன். காசு போனால் போகட்டும்.