வெளியே விட்டது குற்றமா, விட்ட விதம் குற்றமா?

மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒருவர் சில நாட்களுக்குள் இன்னொருவரைத் தாக்கிவிட்டார் அல்லது கொன்றுவிட்டார் என்ற செய்தி வரும்போதெல்லாம், "இப்படிப்பட்டவரை ஏன் வெளியே விட்டார்கள்?" என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. இறந்தவரின் வீட்டார் அப்படிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்பேன். ஆனால் சட்டமும் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டால், பாதிக்கப்பட்டவர்களுக்கும் நியாயம் கிடைக்காது, நோயாளிகளுக்கும் நல்லது நடக்காது என்பது இத்தகைய வழக்குகளைப் பல ஆண்டுகளாகத் தேடிப் படித்துவரும் என்னுடைய கருத்து. விட்டதற்காக ஒரு மருத்துவமனையைத் தண்டிக்கக் கூடாது. எப்படி விட்டது, யாரிடம் என்ன சொல்லி ஒப்படைத்தது, ஒப்படைத்த பிறகு என்ன செய்தது என்பவற்றுக்கு அது கட்டாயம் பதில் சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு நோய்க்காக மூன்று வாரம் உள்நோயாளியாக இருந்த என் சித்தப்பாவை டிஸ்சார்ஜ் செய்த நாளில், அழைத்துவரப் போனவன் நான். அப்போது எனக்கு 22 வயது. ஒரு கையெழுத்து வாங்கினார்கள், மாத்திரைச் சீட்டைக் கொடுத்தார்கள், அடுத்து வர வேண்டிய தேதியைச் சொன்னார்கள், அவ்வளவுதான். வார்டில் ஓர் இரவு அவர் பணியாளர் ஒருவரின் கழுத்தைப் பிடித்தார் என்பதும், அவருக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் என் சித்தியைப் பற்றியே பேசின என்பதும் அவருடைய கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவரிடம் காட்டுவதற்காக அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கியபோதுதான் எங்களுக்கு அது தெரியவந்தது. அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் சித்தப்பா யார் மீதும் கை வைத்ததில்லை, அவரைப் போல மென்மையாகப் பேசுகிறவரை நான் அதிகம் பார்த்ததும் இல்லை. ஆனாலும் தன் பெயர் அந்தத் தாளில் இருப்பது தெரியாமலேயே சித்தி இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் இரவைக் கழித்திருக்கிறார் என்பதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உலகம் முழுவதும் இந்தப் பேச்சு கலிபோர்னியாவின் தாரசாஃப் வழக்கிலிருந்துதான் தொடங்குகிறது. பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில் புறநோயாளியாகச் சிகிச்சை பெற்ற ஒரு மாணவர், குறிப்பிட்ட ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியல் மருத்துவரிடம் சொன்னார். அந்த மருத்துவர் வளாகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். காவலர்கள் அந்த மாணவரைச் சிறிது நேரம் பிடித்து வைத்துவிட்டு, தெளிவாகப் பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். மருத்துவரின் மேலதிகாரியோ இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணுக்கும் அவருடைய பெற்றோருக்கும் யாரும் எதையும் சொல்லவில்லை. 1969 அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் எச்சரிக்கும் கடமை உண்டு என்றது. 1976-இல் அதே வழக்கை மீண்டும் கேட்டு, ஆபத்துக்குள்ளாகும் நபரைக் காக்க நியாயமான கவனம் எடுக்கும் கடமை என்று அதை விரிவாக்கியது. இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அநேகமாக ரகசியம் காத்தலையும் பொதுப் பாதுகாப்பையும் எதிரெதிரே நிறுத்தித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் முதன்மையாகத் தெரிவது வேறு. அங்கே கணிப்பு தவறவில்லை, மருத்துவர் ஆபத்தைச் சரியாகவே உணர்ந்திருந்தார். உணர்ந்த செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இதைவிடத் தெளிவாக அதே உண்மையைச் சொல்லும் வழக்கு 1983-இல் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஜப்லோன்ஸ்கி வழக்கு. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அந்த நோயாளி அழைத்து வரப்பட்டபோது, அவரைப் பற்றிக் காவல்துறை தெரிவித்த தகவல், அவரைப் பரிசோதித்த மருத்துவரிடம் போய்ச் சேரவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் ஓர் இராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்றிருந்தார். மனைவியிடம் அவர் காட்டிய வன்முறை அந்தப் பழைய கோப்பில் பதிவாகியிருந்தது. அந்தக் கோப்பை யாரும் கேட்டுப் பெறவில்லை. அவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று முடிவு செய்து மருத்துவர்கள் திருப்பி அனுப்பினார்கள். சில நாட்களில் அவர் தன்னோடு வாழ்ந்துவந்த பெண்ணைக் கொன்றார். நீதிமன்றம் மருத்துவமனையின் பொறுப்பை உறுதிசெய்தபோது சுட்டிக்காட்டிய தவறுகளைப் பாருங்கள்: வந்த தகவலைப் பதிவு செய்து கைமாற்றவில்லை, பழைய ஆவணங்களை வரவழைக்கவில்லை, அந்தப் பெண்ணுக்கு உரிய முறையில் எச்சரிக்கை கொடுக்கவில்லை. எதிர்காலத்தை முன்னறியும் ஆற்றல் இவற்றில் எதற்கும் தேவையில்லை. ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு கடிதமும் ஓர் உரையாடலும் போதும்.

முன்னறிவதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் "ஏன் விட்டார்கள்?" என்ற கேள்விக்குள் ஒளிந்திருக்கும் நம்பிக்கை அதுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வீடு திரும்பும் 10,000 பேரில் 10 பேர் கடுமையான வன்முறையில் ஈடுபடப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் ஒரு சோதனை நம்மிடம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். உண்மையில் அவ்வளவு துல்லியமான சோதனை யாரிடமும் இல்லை. அது அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே, யாருக்கும் தீங்கு செய்யப்போகாத 999 பேரையும் ஆபத்தானவர்கள் என்று முத்திரை குத்தும். ஒன்பது பேரை நிறுத்திவைக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பூட்டி வைக்க வேண்டும்; அப்போதும் ஒருவர் தப்பிவிடுவார்.

இது வெறும் காகிதக் கணக்கு அன்று என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாக்ஸ்ட்ரோம் வழக்கில் அளித்த தீர்ப்பின் விளைவாக, நியூயார்க் மாநிலத்தில் மிக ஆபத்தானவர்கள் என்று கருதப்பட்டுச் சிறப்பு மருத்துவமனைகளில் அடைக்கப்பட்டிருந்த 967 பேர் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டார்கள். பெரும் விபரீதம் நேரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அடுத்த நான்கு ஆண்டுகளில் மறுபடியும் அந்தக் காவல் மருத்துவமனைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவர்கள் அதுவரை இழந்த ஆண்டுகளுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்ற கேள்வியை எந்த நீதிமன்றத்திலும் யாரும் எழுப்பியதாக நான் படித்ததில்லை. 1998-இல் வெளியான மெக்ஆர்தர் ஆய்வு, வீடு திரும்பிய 1,136 நோயாளிகளைப் பின்தொடர்ந்து சென்றது. போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகளிடம் காணப்பட்ட வன்முறை, அதே சுற்றுப்புறத்தில் வாழ்ந்த, போதைப் பழக்கம் இல்லாத மற்றவர்களிடம் காணப்பட்ட அளவில்தான் இருந்தது. வன்முறை நிகழ்ந்த இடங்களிலும், அதற்கு ஆளானவர்கள் பெரும்பாலும் தெருவில் போகும் அந்நியர்கள் அல்லர், குடும்பத்தினரும் தெரிந்தவர்களுமே. அதனால்தான் ஒப்படைக்கும் தருணத்துக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன். ஆபத்து இருக்குமானால், அது அநேகமாக வாசலில் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துச் செல்லும் நபரைத்தான் சூழ்ந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மெக்கென்னா வழக்கைப் படித்தபோது என் மனம் இரண்டாகப் பிரிந்தது. 2004 ஜூலையில் ஒருவர் மனநலக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள், வேறொரு மாநிலத்தில் இருந்த அவருடைய தாயாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, ஒரு நண்பரின் பொறுப்பில் அனுப்பிவைக்கப்பட்டார். இருவரும் நெடுந்தொலைவு காரில் சென்ற அந்தப் பயணத்தின் நடுவே, நோயாளி நண்பரைக் கொன்றுவிட்டார். பின்னர் தானும் உயிரை மாய்த்துக்கொண்டார். நண்பரின் உறவினர்கள் தொடுத்த வழக்கில், 2014-இல் அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் மருத்துவமனைக்கு அந்த நண்பர் பொருட்டோ உறவினர்கள் பொருட்டோ கவனக்கடமை, அதாவது தீங்கு நேராமல் கவனமாக நடந்துகொள்ளும் சட்டக் கடமை, இல்லை என்று தீர்ப்பளித்தது. நோயாளியின் சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி இருக்கும்வரை அவரைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மனநலச் சட்டமே ஆணையிடுகிறது. அப்படியிருக்க, வெளியே விட்டதற்காக வேறொருவருக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும் என்ற அச்சத்தையும் அதே மருத்துவர் மீது சுமத்தினால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்பதே காரணம்.

விடுவிக்கும் முடிவைப் பொறுத்தவரை அந்த வாதத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். வழக்குக்கு அஞ்சும் மருத்துவர் சந்தேகம் வந்தால் பூட்டி வைப்பார், அதன் சுமை முழுவதும் எதிர்த்துப் பேச முடியாத நோயாளியின் மீது விழும். ஆனால் அந்த நண்பரை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. இரவு முழுவதும் பக்கத்து இருக்கையில் அமரப்போகிறவரின் நிலை என்ன, வழியில் எந்த அறிகுறி தென்பட்டால் வண்டியை நிறுத்தி உதவி கேட்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் முழுமையாகச் சொல்வது, நோயாளியின் சுதந்திரத்தை எந்த வகையில் குறைத்துவிடும்? பிடித்து வைப்பதும் விடுவிப்பதும் ஒரு கடமை. விடுவிக்கும்போது உடன் வருபவரை ஆயத்தப்படுத்துவது வேறொரு கடமை. முதலாவதைச் சட்டம் பாதுகாக்கலாம், பாதுகாக்கவும் வேண்டும். அந்தப் பாதுகாப்புக் குடையின் கீழ் இரண்டாவதும் புகுந்துகொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

நோயாளிகளே மருத்துவமனை மீது வழக்குத் தொடுத்த கதை இன்னும் வேதனையானது. தாம் செய்த செயலின் கொடுமையை, நோய் தணிந்த பிறகு முழுவதுமாக உணர்கிறவர்கள் இவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில், மருத்துவமனை அனுப்பிவைத்த சில மணி நேரத்துக்குள் தன் சகோதரருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணைக் கொன்ற ஒருவர், மனநோயின் காரணமாகக் குற்றவாளி அல்லர் என்று விடுவிக்கப்பட்ட பின் இழப்பீடு கோரினார். 2003-இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றார், 2005-இல் மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட, தோற்றார். இங்கிலாந்தின் ஹென்டர்சன் வழக்கில், நோயின் பிடியில் 2010-இல் தன் தாயையே கொன்ற ஒரு பெண், தன் நிலை மோசமாகியும் தன்னை மருத்துவமனைக்குத் திரும்ப அழைக்காதது கவனக்குறைவு என்றார். மருத்துவ நிர்வாகம் அந்தக் கவனக்குறைவை ஒப்புக்கொண்டது. இருந்தும், தான் செய்த குற்றத்தின் அடிப்படையில் ஒருவர் இழப்பீடு பெற முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பணம் கொடுக்க மறுத்ததன் பின்னணியில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. தவறை ஒப்புக்கொண்ட நிறுவனம் அதற்கு விலை எதையும் தராமல் எழுந்து செல்வதை மட்டும் என்னால் செரிக்க முடியவில்லை.

"வீட்டாரிடம் சொன்னால் ரகசியம் என்னாவது?" என்று மருத்துவ நண்பர்கள் கேட்பார்கள். ரகசியம் காப்பதை நான் இலேசாக எண்ணவில்லை. அந்த உறுதி இல்லாவிட்டால் எந்த நோயாளியும் வாயைத் திறக்க மாட்டார், திறக்காத வாய்தான் எல்லோருக்கும் ஆபத்து. ஆனால் ரகசியத்துக்கு விலக்கு வைக்காத மனநலச் சட்டத்தைக் காண்பது அரிது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசியத்தை உரிமையாக்கும்போதே, இன்னொருவரைத் தீங்கிலிருந்தும் வன்முறையிலிருந்தும் காக்கத் தேவையான அளவு தகவலைச் சொல்லலாம் என்றும் அனுமதிக்கிறது. அதே சட்டத்தின் 98-ஆம் பிரிவு, டிஸ்சார்ஜுக்குப் பிறகு நோயாளி யாரோடு வசிக்கப்போகிறாரோ அந்தக் குடும்பத்தவரோடும் அடுத்துப் பார்க்கப்போகும் மருத்துவரோடும் கலந்து பேசித் தொடர்சிகிச்சைத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. நான் கேட்பது ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டால் இழப்பீடு கொடுக்க நேரும் என்ற நிலை வராதவரை, அது அவசரத்தில் நிரப்பப்படும் ஒரு படிவமாகவே இருக்கும்.

ஒப்படைத்ததோடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. 2023-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மூன்று பேர் கொல்லப்பட்ட பிறகு நடந்த ஆய்வில் வெளிவந்த செய்தியை மறக்க முடியாது: கொலை செய்தவர் மனநல சேவையோடு ஒத்துழைக்கவில்லை என்பதற்காக, 2022 செப்டம்பரிலேயே அவர் பொது மருத்துவரின் கவனிப்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அவருடைய கோப்பு மூடப்பட்டிருந்தது. வராமல் போவதே நோய் திரும்புவதன் அறிகுறியாக இருக்கக்கூடிய ஒரு நோயில், "அவர் வரவில்லை, அதனால் விட்டுவிட்டோம்" என்பதைக் காரணமாக ஏற்க முடியாது.

ஆகவே சட்டம் இப்படி அமைய வேண்டும் என்று விரும்புகிறேன். நேர்மையாகப் பரிசோதித்து, விடுவிக்கலாம் என்று எடுத்த மருத்துவ முடிவுக்காக, பின்னர் எவ்வளவு கொடிய விளைவு நேர்ந்தாலும், மருத்துவர் மீது வழக்கு கூடாது. பழைய ஆவணங்களைக் கேட்டுப் பெற்றது, அழைத்துச் செல்பவரிடம் ஆபத்தையும் அறிகுறிகளையும் எடுத்துச் சொன்னது, மாத்திரை நின்றாலோ வர வேண்டிய நாளில் வராவிட்டாலோ தேடிச் சென்றது ஆகியவற்றை நிரூபிக்கும் பொறுப்பு மருத்துவமனையைச் சாரட்டும். நிரூபிக்க முடியாவிட்டால் இழப்பீடு நிறுவனத்தின் கணக்கிலிருந்து போகட்டும். இரவுப் பணியில் தனியாக நாற்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் இளம் மருத்துவரின் தலையில் அதைக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற பதிலும் அப்போது நிர்வாகத்திடம்தான் போய் நிற்கும். அதைச் சரிசெய்யும் அதிகாரமும் அங்கேதான் இருக்கிறது.

மனநல மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களும் மருத்துவர்களும் இதைப் படித்தால் ஒன்றைத் தயவுசெய்து எழுதுங்கள். டிஸ்சார்ஜ் அன்று, அழைத்துச் செல்ல வந்தவரைத் தனியே உட்காரவைத்துப் பேச உங்களுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, அப்படிப் பேசியது கேஸ் ஷீட்டில் எங்கேயாவது பதிவாகிறதா?